அடிக்கடி படுத்துவிடும் ஹோஸ்டிங்: சண்டைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் முறுக்கு ஆர்டர் பக்கம் திறக்காது. நம் அகப்பக்கத்தைத் தம் சர்வரில் வைத்து ஓட்டும் ஹோஸ்டிங்காரருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களில் கேட்டரிங்காரர், சேலைக்கடை, கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என யார் அகப்பக்கம் வைத்திருந்தாலும், கோபத்தில் முதலில் செய்வது காசைத் திருப்பிக் கேட்பது. அது கடைசியில் செய்ய வேண்டியது. நீங்கள் சண்டை போட்ட மறுநாள் அவர் கணக்கை முடக்கினால் படங்கள், விலைப்பட்டியல், மின்னஞ்சல் எல்லாம் அவர் பக்கம் மாட்டிக்கொள்ளும். சத்தமில்லாமல் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

முதலில், பழுது யாருடையது?

தோட்டப்புறத்தில் பாதி நேரம் பழுது நம் வீட்டு வயரில்தான் இருக்கும். மதியம் இடி இடித்து மின்சாரம் போய் வந்ததும் மோடத்துக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் சின்ன ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் கம்பியில் கோளாறு. யூனிஃபை இணையம் வைத்திருப்பவர் என்றால் 100க்கு அழைக்க வேண்டும், ஹோஸ்டிங்காரரைத் திட்டிப் பயனில்லை. விளக்கு சரியாக இருந்தால் கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் பழுது ஹோஸ்டிங்காரர் பக்கம்.

திரையில் வரும் செய்தியை மூடிவிடாமல் படியுங்கள். 508 என்ற எண்ணோடு 'ரிசோர்ஸ் லிமிட்' என்று வந்தால் உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய பங்கு தீர்ந்துவிட்டது. மலிவுத் திட்டமும் காரணமாக இருக்கலாம், நீங்கள் கூடுதல் வசதிக்காகப் போட்ட கனமான பிளகினும் காரணமாக இருக்கலாம். 'டேட்டாபேஸ் கனெக்‌ஷன்' பிழை அடிக்கடி வந்து தானாகவே சரியாகிறது என்றால் அந்த சர்வரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருக்கலாம். முகவரியே கிடைக்கவில்லை என்று வந்தால் உங்கள் அகப்பக்கப் பெயரின் (டொமைன்) பதிவு காலாவதியாகி இருக்கலாம், அல்லது அந்தப் பெயரை சர்வருக்கு வழிகாட்டும் நேம்சர்வர் செத்திருக்கலாம். இதுதான் அவசரம்.

மலிவான ஹோஸ்டிங் விற்பவர்களில் பலர் ரீசெல்லர்கள். அந்தக் காலத்துக் கங்காணி மாதிரி: ஆள் அவருடைய ஆள், தோட்டம் அவருடையது அல்ல. வேறொரு நிறுவனத்திடம் சர்வரை வாடகைக்கு எடுத்து, துண்டு போட்டு விற்கிறார். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் திரையான சி-பேனலை விற்கும் நிறுவனம் 2019இல் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கத் தொடங்கியதும் இவர்களின் லாபம் ஒடுங்கியது. மேலே உள்ள அந்த சர்வர் நிறுவனத்துக்கு இவர் பாக்கி வைத்தால், ஒழுங்காகக் காசு கட்டிய உங்கள் பக்கமும் சேர்ந்தே படுக்கும்.

பழுது வரும்போதெல்லாம் தேதி, நேரம், பிழைச் செய்தி, திரையின் படம் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். படத்தில் கடிகாரம் தெரியட்டும். அப்டைம்ரோபோட் போன்ற கண்காணிப்புச் சேவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துத் தானே பதிவு செய்யும். ஒப்பந்தத்தில் பக்கம் ஓடும் நேரம் 99.9 விழுக்காடு என்று இருந்தால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் படுக்கலாம். 99 என்றால் 7 மணி 12 நிமிடம். 99 என்பது கேட்கத்தான் பெரிய எண்.

பெயர் யார் கையில்?

ஹோஸ்டிங் போனால் வேறு வாங்கலாம். பெயர் போனால் விசிட்டிங் கார்டு, வேன் மேல் எழுதியது, கோயில் அழைப்பிதழில் அச்சடித்தது எல்லாம் போச்சு. 'நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்னவர் பெரும்பாலும் பெயரைத் தம் கணக்கில்தான் பதிந்திருப்பார்.

டாட் காம் பெயர் என்றால் உலக அளவில் பெயர்ப் பதிவை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்திலும், டாட் மை பெயர் என்றால் அவற்றை நிர்வகிக்கும் மைனிக் நிறுவனத்தின் ஹூயிஸ் (பெயர் யாருடையது என்று தேடும்) பக்கத்திலும் தேடுங்கள். உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம், கவலை வேண்டாம். பதிவாளர் நிறுவனம், காலாவதித் தேதி, நேம்சர்வர் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: அந்தப் பதிவாளரிடம் என்னால் உள்நுழைய முடியுமா? புதுப்பிப்பு அறிவிப்பு யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது? இரண்டுக்கும் 'தெரியாது' என்றால், பெயர் உங்கள் கையில் இல்லை.

ஹோஸ்டிங்காரர் பதில் சொல்லும் நிலையில் இருந்தால், 'கணக்குப் பதிவுக்காக' என்று சாதாரணமாகவே கேளுங்கள்: உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் எங்களுடையதாக மாற்றுங்கள், பெயரை வேறு பதிவாளருக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் மாற்றக் குறியீட்டைத் தாருங்கள். உரிமையாளர் விவரத்தில் ஜிமெயில் போன்ற வெளி முகவரியைக் கொடுங்கள். அதே பெயரில் ஓடும் மின்னஞ்சலைக் கொடுத்தால், பக்கம் படுக்கும் நாளில் மீட்புக் கடிதமும் வராது.

டாட் காம் பெயருக்கு, கேட்ட ஐந்து நாளில் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்பது ஐகான் விதி. கொடுக்காவிட்டால் ரீசெல்லரோடு மல்லுக்கட்ட வேண்டாம். தேடலில் பார்த்த பதிவாளர் நிறுவனத்துக்கு நேரே எழுதுங்கள், அதன் பிறகு ஐகானிடம் புகார். டாட் காம் டாட் மை பெயர் மலேசியாவில் பதிந்த வணிகத்துக்குத்தான் கிடைக்கும். ஆகவே உங்கள் எஸ்எஸ்எம் (வணிகப் பதிவு) சான்றிதழே பலமான அத்தாட்சி, அதோடு மைனிக்கைக் கேளுங்கள். பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாத டாட் காம் பெயரைப் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது.

காலாவதி நெருங்கினால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிடுங்கள், பிடிக்காதவரிடம் காசு கட்டினாலும் பரவாயில்லை. தவறவிட்ட டாட் காம் பெயரைப் பதிவாளர் 45 நாள் வரை வைத்திருக்கலாம். நீக்கிவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்கு அபராதம் கடுமை. பிறகு ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நகல் எடுப்பது, தமிழ் எழுத்தைக் காப்பது

ஹோஸ்டிங்காரர் தினமும் பேக்கப் எடுப்பதாகச் சொல்வார். அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலருக்கு மீட்க எதுவுமே மிஞ்சவில்லை. உங்கள் மடிக்கணினியில் இல்லாத நகல் நகலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சி-பேனலில் முழு பேக்கப் எடுக்கும் பொத்தான் உண்டு. அந்தக் கோப்பு உங்கள் கணக்குக்குள்ளேயே உருவாவதால், இடம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் நடுவில் அறுந்துபோகலாம். அளவைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். இன்னொன்று: முழு பேக்கப்பை நீங்களே திரும்ப ஏற்ற முடியாது, புது ஹோஸ்டிங்காரர்தான் ஏற்ற வேண்டும். அதனால் இரண்டு தனி நகலும் எடுங்கள். ஃபைல் மேனேஜரில் 'பப்ளிக் எச்டிஎம்எல்' அடைவை ஜிப் செய்து இறக்குவது ஒன்று. பக்கத்தின் எழுத்தும் ஆர்டர்களும் இருக்கும் டேட்டாபேஸை, சி-பேனலில் உள்ள பிஎச்பி-மைஅட்மின் வழியாக எக்ஸ்போர்ட் செய்வது மற்றொன்று. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை எஃப்டிபி என்ற கோப்பு இறக்கும் முறையில் ஒவ்வொன்றாக இறக்கினால் நம் பக்கத்து லைனில் விடிந்துவிடும்.

டேட்டாபேஸிலிருந்து இறக்கிய எஸ்க்யூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து, உங்கள் பக்கத்தில் கட்டாயம் இருக்கும் ஒரு சொல்லைத் தேடுங்கள். 'முறுக்கு' என்றோ 'அர்ச்சனை' என்றோ. சொல் ஒழுங்காகத் தெரிந்தால் நல்லது. அதன் இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால், ஏற்றுமதியின்போதே எழுத்து அழிந்துவிட்டது, அந்தக் கோப்பில் மீட்க எதுவும் இல்லை. எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று வைத்து மறுபடி எடுங்கள். கேள்விக்குறி இல்லாமல், தொப்பியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் கலந்து குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எழுத்து உள்ளேதான் இருக்கிறது, தவறாக வாசிக்கப்படுகிறது, சரிசெய்ய முடியும். தமிழ்ப் பக்கம் வைத்திருக்காத டெக்னீஷியனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மாற்றி முடித்து, பழையதையும் அழித்தபின் சொல்வார், 'எழுத்து மட்டும் கொஞ்சம் வரவில்லை' என்று.

பழைய கோயில் பக்கம் என்றால் யூனிகோடுக்கு முந்தைய முரசு அஞ்சல் அல்லது டிஸ்கி எழுத்துருவில் இருக்கலாம். அது குப்பை மாதிரிதான் தெரியும். அதை அப்படியே பைட் மாறாமல் எடுத்து வையுங்கள், மாற்றும் வேலை பிறகு.

பேனலே திறக்கவில்லை என்றால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைப் போடுங்கள். பக்கத்தின் சொற்களும் சில படங்களும் கிடைக்கலாம். ஆர்டர் விவரம் கிடைக்காது.

புது இடத்தில் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்தல்

புது ஹோஸ்டிங் வாங்கும்போது ஒரே ஒரு சோதனை போதும் என்பேன்: காசு கட்டுவதற்கு முன், இரவு பத்து மணிக்கு ஒரு நுட்பக் கேள்வி அனுப்புங்கள். பதில் மனிதர் எழுதியதா, எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று பாருங்கள். முதல் முறை மூன்று வருடத்துக்குக் கட்டாதீர்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மூன்று மாதம் பார்த்துவிட்டு நீட்டுங்கள்.

கோப்புகளை ஜிப்பாகவே ஏற்றி அங்கே விரியுங்கள். 2 ஜிபி கோப்பு, விநாடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் லைனில், தடங்கல் இல்லாவிட்டாலே ஒரு மணி நேரம் ஆகும். பழைய சர்வரிலிருந்து நேராக இழுத்துக்கொள்ளச் சொன்னால் புதியவர்கள் பலர் இலவசமாகவே செய்து தருவார்கள். வேர்ட்பிரஸ் என்றால் கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் பெயர், பயனர், கடவுச்சொல் மூன்றையும் புது இடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பழைய ஹோஸ்டிங்கில் பார்த்த அதே டேட்டாபேஸ் பிழை இங்கேயும் வரவேற்கும்.

பெயரைத் திருப்புவதற்கு முன் உங்கள் கணினிக்கு மட்டும் புது இடத்தைக் காட்டலாம். நோட்பேடை அட்மினாகத் திறந்து, விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போய் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் ஒரு வரி சேருங்கள்: புது சர்வரின் ஐபி எண், ஓர் இடைவெளி, உங்கள் முகவரி. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை என்று உலாவி முணுமுணுக்கும், பெயர் திரும்பியதும் சான்றிதழ் கிடைத்துவிடும். பார்த்து முடித்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். மறந்தவர்கள் ஆறு மாதம் கழித்து, ஊருக்கே தெரியும் பக்கம் தமக்கு மட்டும் தெரியவில்லை என்று வருவார்கள்.

திருப்பும் நாள் முக்கியம். கல்யாணச் சாப்பாடு எடுப்பவருக்கு ஆடி மாதம் தோது. அம்மன் கோயிலுக்கு அதே ஆடி கூடவே கூடாது. வெள்ளிக்கிழமை வேண்டாம், சனி ஞாயிறு உதவிக்கு ஆள் கிடைக்காது. பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் அமைப்பில், பழைய விவரத்தை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பதைக் குறிக்கும் டிடிஎல் எண்ணை ஒருநாள் முன்பே 14400இலிருந்து 300க்குக் குறையுங்கள். நேம்சர்வரையே மாற்றினால் டாட் காமுக்கு 48 மணி நேரம் வரை சிலர் பழைய பக்கத்தையே பார்ப்பார்கள். அந்த இரண்டு நாளும் ஆர்டர் படிவத்தை மூடி, 'புலனத்தில் அனுப்புங்கள்' என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆர்டர் பழைய டேட்டாபேஸில் விழுந்து, யாரும் பார்க்காமல் கிடக்கும்.

மின்னஞ்சல்தான் அதிகம் கைவிட்டுப் போவது

பக்கம் நகர்ந்த சந்தோஷத்தில் மின்னஞ்சலை மறந்துவிடுகிறார்கள். பழைய பெட்டிகளின் பெயர்களையெல்லாம் எழுதி, அதே பெயரில் புது இடத்தில் உருவாக்குங்கள். தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியில் இரண்டு கணக்கையும் ஐமேப் முறையில் (கடிதம் சர்வரிலேயே இருக்கும்) சேர்த்து, மடலடைவுகளை இழுத்து விட்டால் போதும். கடைக் கணினி பாப் முறையில் (கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும்) இருந்தால் பழைய கடிதங்கள் பெரும்பாலும் சர்வரில் இருக்காது, அந்தக் கணினியில்தான் இருக்கும். அந்தக் கணினியை ஃபார்மட் பண்ணிவிடாதீர்கள்.

மின்னஞ்சல் கூகுளிலோ வேறிடத்திலோ இருந்தால், புது சி-பேனலில் 'ஈமெயில் ரவுட்டிங்' அமைப்பை 'ரிமோட்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் படிவத்தில் வரும் ஆர்டர் கடிதங்களை அந்த சர்வர் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கூகுளுக்கு அனுப்பாது. உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை விட்டுவிட்டுப் புதியதையும் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கறார், உங்கள் விலைப்பட்டியல் ஸ்பேமுக்குப் போய்விடும்.

காசு, பிறகு மூடுவது

இப்போது கேட்கலாம். ஒப்பந்தத்தில் இருப்பது பெரும்பாலும் படுத்த நேரத்துக்கு ஏற்ற கழிவு மட்டும். வருடம் 120 வெள்ளி கட்டியவருக்கு ஒரு மாதம் முழுதும் படுத்தாலும் 10 வெள்ளிதான். இழந்த தீபாவளி ஆர்டருக்கு அதில் இடமில்லை. முன்பணமாகக் கட்டிய மீதி வருடங்களைக் கேளுங்கள், நியாயமான தொகை அதுதான். கார்டில் கட்டியிருந்தால் தாமதிக்காமல் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய காசை வங்கி வழியாகத் திருப்பிப் பெறுவது) கேளுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

சொந்த உபயோகத்துக்கு வாங்கியது என்றால், மக்கள் 'திரிபியூனல் பெங்குனா' என்று சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுக்குள், வக்கீல் வேண்டாம். கடைக்காக வாங்கியது என்றால் அங்கே 'நீங்கள் பயனீட்டாளர் அல்ல' என்ற வாதம் வரும். அப்போது 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி உண்டு. அங்கே தனிநபர்தான் மனு கொடுக்கலாம், செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனி கொடுக்க முடியாது. நேரம் தெரியும் அந்தப் படங்கள் இங்கேதான் பேசும்.

பழைய கணக்கை ஒரு மாதம் ஓடவிட்டு, வாரம் ஒருமுறை அதன் வெப்மெயிலுக்குள் நுழைந்து பாருங்கள். அதே சர்வரில் இருக்கும் வேறு வாடிக்கையாளர் உங்களுக்கு எழுதும் கடிதம், அந்தக் கணக்கு அழிக்கப்படும் வரை பழைய பெட்டியில்தான் விழும். வந்ததை எடுத்தபின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, கார்டை நீக்கி, கணக்கை அழிக்கச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். 'முடக்கிவிட்டோம்' என்றால் போதாது. முடக்கிய கணக்கும் அந்தக் கடிதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.