பவளத் தீவுக்குப் பாய்மரப் படகில் போகிறீர்களா? சேரும் நேரத்தை முதலில் பாருங்கள்

நாகப்பட்டினத்துக்காரனான எனக்குக் கடல் என்றாலே கலங்கல்தான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கினால் முகத்துவாரம் முழுக்க டீ நிறம். ஆழத்தைக் கம்பு விட்டுத்தான் பார்க்க வேண்டும். மாலத்தீவு மாதிரி இடங்களில் கதையே வேறு. அங்கே நிறமே ஆழத்தைச் சொல்லிவிடும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல் திட்டு, பழுப்பு தெரிந்தால் பவளப்பாறை, உடனே விலகுங்கள்.

ஆனால் சூரியன் நன்றாக மேலே ஏறி, உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால்தான் இதெல்லாம் தெரியும். எதிர்வெயிலில் தண்ணீர் தகரம் மாதிரி மினுங்கும், அவ்வளவுதான். அதனால் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவில் சேருகிற மாதிரி கிளம்புங்கள். 300 கடல் மைல், 5 நாட் வேகம் (மணிக்கு 5 கடல் மைல்) என்றால் 60 மணி நேரம். முற்பகல் 11-க்குச் சேர, இரவு 11-க்குப் புறப்பட வேண்டும்.

சரி, கச்சான் காற்று தள்ளிவிட்டு விடியுமுன்னே வந்துவிட்டால்? பாயைச் சுருக்கி வெளிக்கடலிலேயே காத்திருங்கள். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று இருட்டில் நுழைய வேண்டாம். வரைபடத்தில் பாறை இடம் மாறிக் காட்டுவதுண்டு. அப்புறம், உள்ளே நுழையும்போது தண்ணீரின் மினுக்கத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்ட ஒருவரை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிறுத்துங்கள்.