ரொறன்ரோப் பயணம்: மணிக்கணக்கில் விடும் பிழைகள்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரம் சொல்லும் இணையத்தளங்கள் நிறைய உண்டு. இலங்கையில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கனடாவின் ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் என்று வகுத்தால் பதினைந்தரை மணித்தியாலம். இதை நம்பி, அங்கே மகனை எயார்போட்டுக்கு வரச்சொல்லி நேரம் குறிப்பதுதான் முதல் பிழை.

அந்த 14,000 என்பது உருண்டைப் பூமியின் மேல் போட்ட மிகக் குறுகிய கோடு. அது வடமேற்காக ஏறி, நோர்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையில் போய் இறங்கும். நேரடி விமானம் இல்லாததால் நாங்கள் அப்படிப் போவதில்லை. துபாய் வழியென்றால் அதுவரை நாலரை, ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ பதினாலு. நடுவில் காத்திருப்பது வேறு.

அடுத்தது ரிக்கெற்றில் உள்ள நேரங்களை நேரே கழிப்பது. புறப்படும் நேரம் எங்களது, இறங்கும் நேரம் அவர்களது. இரவு 10 மணிக்கு ஏறி மறுநாள் காலை 8 மணிக்கு இறங்கினால் பத்து மணித்தியாலப் பயணம் என்று நினைக்கக்கூடாது. குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், ஆகவே மொத்தம் இருபதரை. மார்ச்சில் கனடா கடிகாரத்தை முன்னே நகர்த்தியதும் வித்தியாசம் ஒன்பதரையாகும். அந்த அரையை மறப்பவர்கள்தான் அதிகம். திரும்பி வரும்போது மேல்காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளும், பறக்கும் நேரம் கொஞ்சம் குறையும்.

பணம் போகும் பிழை நள்ளிரவு விமானத்தில் இருக்கிறது. 15ஆம் திகதி 00.40 என்றிருந்தால் 14ஆம் திகதி இரவே கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி இரவு வான் பிடித்துப் போனால் விமானம் போய் ஒரு நாளாகியிருக்கும்.

சரி, கட்டுநாயக்கா மட்டும் பக்கத்திலா இருக்கிறது? யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து நேர்கோட்டில் 300 கிலோமீற்றருக்குள்தான். ஆனால் வீதியால் ஏழு எட்டு மணித்தியாலம் பிடிக்கும். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டுமே, அதையும் சேர்த்தால் யாழ்ப்பாணத்து வீட்டுப் படலையைப் பூட்டியதிலிருந்து ரொறன்ரோவில் வெளியே வரும்வரை ஒன்றேகால் நாளுக்கு மேல் போய்விடும். வயதான அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பலாலியில் ஏறிச் சென்னை வழியாகப் போனால் இந்த வீதி அலைச்சல் இல்லை என்பது உண்மைதான். ஓடுபாதை 1,400 மீற்றர் அளவுதான் என்பதால் வருவது சிறிய ஏடிஆர் விமானம், சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் இரண்டு ரிக்கெற்றைத் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டிவரும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்தக் காசுக்கு இரண்டாவது கம்பனி பொதுவாகப் பொறுப்பேற்காது. நாலைந்து மணித்தியாலமாவது இடைவெளி இல்லாவிட்டால், நான் என்றால் கட்டுநாயக்கா வழியைத்தான் எடுக்கச் சொல்வேன்.