விசா இல்லாமல் வெளிநாட்டில் அடி வாங்கும் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என்ன செய்யலாம்

லண்டனிலிருந்து மகளோ தங்கச்சியோ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகக் கதைக்கிறாள் என்றால், "பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லிவிடாதீர்கள். என் பெரியம்மாவின் மகளுக்கு நாங்கள் இரண்டு வருசம் அதைத்தான் சொன்னோம். பாஸ்போர்ட் கணவரின் கையில், விசா முடிந்துவிட்டது, வாயைத் திறந்தால் "இமிகிரேஷனுக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிப் போடுவன்" என்பார். அந்த ஒரு வசனம்தான் அவளைக் கட்டிப்போட்டது.

முதலில் வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தை அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கணினி அதில் இருந்தால் நீங்கள் அனுப்புவதெல்லாம் அவருக்கும் போகும், ஆனால் சட்டென்று அதை நீக்கினால் சந்தேகம் வரும், அதனால் நம்பிக்கையான வேறொருவரின் போனில் கதையுங்கள். ஒரு குறிப்பு வசனமும் வேண்டும். "அம்மாவுக்குப் பிரஷர் கூடிட்டுதா?" என்று கேட்டால் ஆபத்து என்று நாங்கள் வைத்திருந்தோம். பிரித்தானியாவின் அவசர அழைப்பு இலக்கமான 999ஐ இங்கிருந்து அடித்தால் அங்கே போகாது, ஆகவே அவர் பக்கம் சாயாத ஒருவரை அங்கேயே பிடித்து வையுங்கள். அவளால் பேச முடியாவிட்டால், கைபேசியில் 999 அடித்து, கேட்கும்போது 55ஐ அழுத்தினால் பொலிசுக்கு இணைப்பார்கள்.

உயிராபத்து என்றால் பொலிஸ்தான், யோசிக்க வேண்டாம். ஆனால் அங்கத்தைய பொலிஸ் குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்க இடமுண்டு, அவளுடைய பயம் வெறும் பயமில்லை. நேரம் இருந்தால் முதலில் குடும்ப வன்முறைக்கான அங்கத்தைய உதவி இலக்கமான 0808 2000 247க்கு அவள் எடுக்கட்டும்: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அவருக்குத் தெரிந்த தமிழ் ஆளை மட்டும் மொழிபெயர்க்க விடக் கூடாது.

அரச உதவிப்பணம் பெற உரிமையில்லாதவர்களைப் பல பெண்கள் காப்பகங்கள் ஏற்பதில்லை, ஏனென்றால் அறை வாடகை அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது. ஒரு இடம் மறுத்தால் அடுத்ததைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அங்கத்தைய 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சொல்லி உள்ளூராட்சி மன்றத்திடம் உதவி கேட்கலாம், தாயின் விசா நிலை அதற்கு முழுத் தடையல்ல. கணவர் வழியாக விசா கிடைத்தவர்களுக்கு அங்கே தங்கவும் உதவிப்பணம் கேட்கவும் மூன்று மாதச் சலுகை அனுமதி ஒன்று உண்டு, விசா முடிந்திருந்தாலும் குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்காமல் கைவிட வேண்டாம். கனடாவில் நிரந்தர வதிவிடம் கணவரில் தங்கியிருந்தால், 2019 முதல் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி கேட்கலாம்.

இங்கே உங்களால் உறுதியாகச் செய்யக்கூடியது பத்திரம் எடுப்பது. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, படமாக்கி, அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அந்த வீட்டு விலாசத்துக்குத் தபாலில் போடாதீர்கள். அவள் அனுப்பும் காயப் படங்களையும் அவருடைய மிரட்டல் செய்திகளையும் திகதியோடு உங்களிடம் வைத்திருங்கள்.

அவள் வெளியேறிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்பார்கள், அழுவார்கள், ஊர்ப் பெரியவர்களையும் கூட்டி வருவார்கள். காப்பகத்தின் விலாசத்தை அவளிடம் கேட்காதீர்கள். "தெரியாது" என்று நீங்கள் சொல்வது அப்போது உண்மையாகவே இருக்கும்.