நியூட்ரோஃபில் எலாஸ்டேஸின் செயல்திறனை அளவிடும் முறை

நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் துகள்களில் சேமிக்கப்பட்டிருக்கும் எலாஸ்டேஸ், புரதச் சங்கிலியை வேலின் போன்ற சிறிய அமினோ அமிலங்களை அடுத்து வெட்டும் நொதியாகும். ஆகவே அலனின், அலனின், புரோலின், வேலின் என்ற வரிசையின் முனையில் பாரா-நைட்ரோஅனிலின் (நொதி வெட்டி விடுவித்ததும் மஞ்சள் நிறம் தரும் சேர்மம்) இணைந்த வினைபடுபொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து, பிஎச் 7.5 முதல் 8 வரையுள்ள டிரிஸ் தாங்கல் கரைசலில் நீர்க்கச் செய்யவும்.

தாங்கலில் 0.5 மோலார் சோடியம் குளோரைடு சேர்ப்பதை விட்டுவிடக் கூடாது. வலுவான நேர்மின்சுமை கொண்ட இந்நொதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், உப்புக் குறைந்தால் நொதி இருந்தும் இல்லாதது போலக் காட்டக்கூடும். மாதிரியைச் சேர்த்ததும் 37 பாகை செல்சியஸில் வைத்து, 405 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தலை நிமிடத்திற்கு ஒருமுறை பதிவு செய்யவும்; நிறமற்ற கரைசல் மெல்ல மஞ்சளாகும். தொடக்கத்தில் நேர்கோடாக உயரும் பகுதியின் சரிவைக் கொண்டே செயல்திறனைக் கணக்கிட வேண்டும். இறுதி நிறத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுவது, என் கருத்தில், அளவீடே அன்று.

இன்னொரு குழாயில், இந்நொதியின் செயலை நிறுத்தும் சிவெலெஸ்டாட் என்னும் தடுப்பானைச் சேர்த்து ஒப்பிடுவது அவசியம். அங்கும் மஞ்சள் தோன்றினால் வேறொரு நொதியும் வெட்டுகிறது என்று ஐயுற வேண்டும். குருதி நீர்மத்திலுள்ள ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் இந்நொதியை விரைவில் முடக்கிவிடுமாதலால், செயல்திறனைச் சளியிலோ பிரித்தெடுத்த செல்களின் சாற்றிலோ தேடுவதே பயன் தரும்.