முன்வாசலுக்கு மூன்று பூட்டு, பின்பக்கம் யார் பொறுப்பு? வீட்டுத் திருட்டில் நாம் செய்யும் தவறுகள்

தைப்பூசத்துக்காக வெள்ளி ரதம் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகாமாரியம்மன் கோயிலை விட்டுப் புறப்பட்ட இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. செந்தூலில் எங்கள் வரிசையிலேயே பாதி வீடுகள் அன்று காலி. ரதத்தோடு பத்துமலை வரை நடந்துவிட்டு மறுநாள் மதியம் கால் கடுக்கத் திரும்பினோம். கேட்டில் பூட்டு அப்படியே இருந்தது. கிரில்லில் இரண்டு பூட்டு, அவையும் அப்படியே. உள்ளே போன பிறகுதான் சமையலறைப் பக்கமிருந்து காற்று வீசுவது தெரிந்தது. நாக்கோ ஜன்னலின், அதாவது கண்ணாடிப் பட்டைகளை வரிசையாகச் செருகிய ஜன்னலின், ஆறு கண்ணாடிகளையும் திருடன் உருவி, பின்சந்துச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கிரில்லைப் பிடித்திருந்த திருகாணிகள் ஜன்னல் திண்டில் கிடந்தன. அவசரமே இல்லாமல் வேலை பார்த்திருக்கிறான்.

முதல் தவறு அங்கேதான். நாம் பூட்டுப் போடுவது வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும் பக்கத்துக்கு. திருடன் அந்தப் பக்கம் வருவதில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய கடைவீட்டு வரிசைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகள், கழிவு வாளி எடுக்க ஆள் வந்துபோன காலத்தவை. வாளி போய்விட்டது, சந்து இருக்கிறது. பிறகு வந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் பின்னால் ஒரு சந்து உண்டு. அங்கே விளக்கு எரிகிறதா என்று கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்?

முன்கதவு கனமான மரம். சமையலறைக் கதவோ மழையில் ஊறி உப்பிய ஒட்டுப்பலகை, அதற்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள். நாக்கோ கண்ணாடியை உடைக்கவே வேண்டாம். பிடித்திருக்கும் தகட்டை வளைத்தால் கையோடு வந்துவிடும். ஆகவே அந்த ஜன்னலைக் காப்பது கண்ணாடி அல்ல, கிரில்தான். அந்தக் கிரில்லைச் சுவருக்குள் இறக்கிப் பூசியிருக்கிறார்களா, வெறும் திருகாணியில் நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். திருகாணியின் தலை வெளிப்பக்கம் தெரிந்தால் ஒரு ஸ்குரூடிரைவர் போதும். வெல்டிங் கடைக்காரரிடம் சொன்னால் தலையைப் பற்றவைத்து மழுக்கிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் அது அரைமணி நேர வேலையாக முடிந்தது, களவு போன பிறகு.

பூட்டு வாங்கும்போது நாம் கையில் தூக்கி எடை பார்க்கிறோம். பார்க்க வேண்டியது வளையத்தை. வளையம் நீளமாக வெளியே தெரிந்தால் போல்ட் கட்டரின் வாய் நுழைந்துவிடும். வளையம் குட்டையாக, பூட்டின் தோள் அதை மறைப்பதாக இருக்க வேண்டும். அதோடு, பூட்டு மாட்டும் கொண்டி துருப்பிடித்திருந்தால் எந்தப் பூட்டும் வீண். சறுக்குக் கதவு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்கலாம்: பூட்டிய நிலையில் கதவை மேலே தூக்கிப் பாருங்கள். தண்டவாளத்தை விட்டு எழும்பினால் அது பூட்டிய கதவு இல்லை.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில், காலணி அலமாரியில், மீட்டர் பெட்டிக்குள் வைப்பது பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. துளசி மாடத்துக்குப் பின்னால் வைத்தால் சாமி காக்கும் என்பார் எங்கள் பாட்டி. காரை வெளியே நிறுத்தும்போது ஆட்டோ கேட் ரிமோட்டை அதற்குள்ளேயே விட்டுப்போவதும் இதே கணக்குதான்.

அடுத்த தவறு, வீட்டில் ஆள் இல்லை என்பதை நாமே ஊருக்குச் சொல்வது. கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம். யார் பார்த்தாலும் இரண்டு செய்தி கிடைக்கும்: உள்ளே நகை இருக்கிறது; முகூர்த்த நேரத்தில் எல்லாரும் மண்டபத்தில் இருப்பார்கள். வாழைமரத்தை எடுக்கச் சொல்லவில்லை. நம்பிக்கையான ஒரு ஆளை வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள். சித்தப்பாக்களில் ஒருவருக்காவது மண்டபச் சாப்பாடு பிடிக்காமல் இருக்கும், அவருக்குக் கொஞ்சம் முன்கூட்டியே பந்தி வைத்தால் போயிற்று. துக்க வீட்டிலும் அப்படித்தான்: மயானத்துக்குப் போகும் நேரத்தில் கூடாரத்தில் நாற்காலிகள் மட்டும் இருக்கும்.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் போர்ச் விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரவில் சரி. நண்பகல் வெயிலில் நான்கு நாளாக எரியும் விளக்கு வேறு என்ன சொல்லும்? டைமர் ஒன்று மாட்டுங்கள். கேட்டில் செருகிய விளம்பரத் தாள்களை எடுக்கப் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். சுற்றுலாப் படங்களைத் திரும்பி வந்த பிறகு இணையத்தில் போடுங்கள். லங்காவித் தீவு எங்கும் போய்விடாது. ஒவ்வொரு பெருநாளுக்கும், வீட்டைப் பூட்டிச் செல்வோர் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தகவல் கொடுக்கும்படி போலீஸ் கேட்டுக்கொள்கிறது. நோன்புப் பெருநாளுக்கு மட்டும்தான் அது என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். தீபாவளிக்கும் போய்ச் சொல்லலாம். 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல் குழு) உங்கள் தாமானில் உயிரோடு இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

பகலில் யார் வருவார்கள் என்ற நினைப்பும் தவறுதான். கணவன் மனைவி வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு என்றால் காலை பத்து மணிக்கு வரிசை முழுக்க அமைதி. தண்ணீர், மின்சாரம், டெங்கிச் சோதனை என்று வருகிறவரை அடையாள அட்டை பார்க்காமல் உள்ளே விடாதீர்கள். கேட்டைத் திறக்காமலே அந்த அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உண்மையான ஊழியர் காத்திருப்பார்.

இனி நகை. அரிசி டிரம், சாமி அறை, மெத்தைக்கு அடி, பட்டுச் சேலை மடிப்பு. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் இடம் எல்லாருக்கும் ஒன்றே. எங்கள் வீட்டு அரிசி முழுவதும் தரையில் கொட்டிக் கிடந்தது. வங்கிப் பெட்டகம் நல்லதுதான், ஆனால் வங்கியில் வைத்ததெல்லாம் பிடாம் (மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) பாதுகாப்பில் வரும் என்று எண்ண வேண்டாம். அது வைப்புத்தொகைக்கு, 250,000 ரிங்கிட் வரை. பெட்டகத்துக்குள் இருப்பதற்கு இல்லை.

காப்புறுதியிலும் இப்படி ஒரு குழப்பம். வீட்டுக்கடனோடு எடுக்கும் ஹவுஸ்ஓனர் பாலிசி கட்டடத்துக்கானது. உள்ளே இருக்கும் பொருளுக்கு ஹவுஸ்ஹோல்டர் பாலிசி தனியாக வேண்டும். அதிலும் வழக்கமான பாலிசியில் தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்த்து காப்புறுதித் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராது. தனியாகக் குறிப்பிடாத ஒரு பொருளுக்கு 5 விழுக்காடுதான் உச்சம். 60,000 ரிங்கிட்டுக்கு எடுத்திருந்தால் நகை மொத்தத்துக்கு 20,000, ஒரு காசுமாலைக்கு 3,000. இன்னொரு நிபந்தனை: உடைத்துப் புகுந்த அடையாளம் இருக்க வேண்டும். பூந்தொட்டிச் சாவியால் திறந்துகொண்டு போனவனுக்கு அந்த அடையாளம் ஏது?

சிசிடிவி பற்றி ஒரு வரி: பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தால் தொலைக்காட்சியோடு அதுவும் போகும்.

களவு போன பயத்தில் வீட்டையே சிறையாக்குவதும் ஆபத்து. மேல்மாடி ஜன்னலுக்கெல்லாம் நிரந்தரக் கிரில் போட்டுவிட்டு, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவீர்கள்? ஒவ்வொரு தளத்திலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். அதன் சாவி வெளியிலிருந்து கைக்கு எட்டாத, வீட்டுக் குழந்தைக்கு எட்டுகிற ஆணியில் தொங்கட்டும். இருட்டில் தேடிப் பார்த்து ஒத்திகை செய்யுங்கள்.

திரும்பி வந்து கதவு திறந்து கிடப்பதைக் கண்டால் உள்ளே ஓடாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்றே 999க்கு அழையுங்கள். போலீஸ் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நான் பேசி முடிப்பதற்குள் கொட்டிய அரிசியைக் கூட்டி அள்ளி, ஜன்னல் திண்டையும் துடைத்துவிட்டார். போலீஸ்காரர் துடைத்த திண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பட்டியல் கேட்டார். நகைகளின் படம் உண்டா, ரசீது உண்டா? எதுவும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் அம்மா கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எது இருந்தது, எதை அடகுக்கடையில் வைத்தோம் என்று சண்டை போட்டுக்கொண்டோம். விட்டுப்போனவற்றைச் சேர்க்க இரண்டு முறை மறுபடி நிலையத்துக்குப் போனேன். அத்தையின் மூக்குத்தியும் போயிருக்கிறது என்பது அடுத்த பொங்கலுக்குத்தான் தெரிந்தது.