நீராவி ரயிலுக்குத் தொண்டு செய்ய வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நீராவி ரயிலைத் தொண்டர்களாகவே பராமரித்து ஓட்டும் எங்கள் பணிமனைக்கு ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் புதியவர்கள் சிலர் வந்து சேர்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. டர்பனின் சந்தைச் சதுக்கத்திலிருந்து பாயிண்ட் துறைமுகம் வரை நேட்டாலின் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26 அன்று. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 16 அன்று. நேட்டால் அரசு ரயில்வேயில் அப்படி வந்தவர்கள் பலர் வேலை பார்த்ததால், கொள்ளுப்பாட்டன் ஜல்லி கொட்டிய பாதை என்ற உரிமையோடுதான் இந்தப் பிள்ளைகள் உள்ளே நுழைகிறார்கள். ஆர்வத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்கள் அதே வரிசையில் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கனத்த காலணி அணிய வேண்டும், தண்டவாளத்தில் நிற்கக்கூடாது என்பன போன்றவற்றை முதல் நாளிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

ஓட்ட நாளே வேலை நாள் என்று எண்ணுதல்

எங்கள் ரயில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஓடுகிறது. அந்த ஒரு ஞாயிறு நடக்க வேண்டுமானால், அதற்கு முந்திய சனிக்கிழமைகள் எல்லாம் புல் வெட்டுவதிலும், தண்டவாளத்துக்கு அடியிலுள்ள மரக்கட்டைகளை மாற்றுவதிலும், பெட்டிகளின் ஒழுகும் கூரையை அடைப்பதிலும் கழிய வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். புல் ஒருபுறம் வளர, மறுபுறம் பாதையோர வடிகால்களில் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். வடிகால் அடைத்தால் தண்ணீர் ஜல்லிக்கு அடியில் புகுந்து, பாதையின் மண்கரையையே கொண்டுபோய்விடும். ஜார்ஜ் நகரிலிருந்து நைஸ்னாவுக்குக் கடலோரமாக ஓடிக்கொண்டிருந்த புகழ்பெற்ற நீராவி ரயில் 2006 ஆகஸ்ட் மாத வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அந்தப் பாதையை இழந்து, பல ஆண்டுகள் ஆகியும் அதில் திரும்ப ஓடவில்லை. எஞ்சினுக்கு ஒன்றும் நேராமலேயே ஒரு ரயில் நின்றுபோகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆண்டு அட்டவணை போடும்போது கோயில் நாள்களையும் பார்க்க வேண்டும். தைப்பூசக் காவடியை யாரும் மறப்பதில்லை. ஆனால் ஈஸ்டர் விடுமுறையில் கூட்டம் சேரும் என்று கணக்குப் போட்டுப் பயணச்சீட்டு விற்றுவிட்டு, ஃபயர்மேன்களில் (எஞ்சினின் நெருப்பையும் நீரையும் கவனிப்பவர்கள்) பாதிப் பேர் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவில் இருப்பார்கள் என்பதைக் கடைசி வாரத்தில் நினைத்துக்கொள்ளும் குழுவினரைப் பார்த்திருக்கிறேன்.

பித்தளையைத் துடைப்பதிலேயே சனிக்கிழமையைக் கழித்தல்

வடிகாலில் மண் அள்ளிய பிறகு துடைக்கலாம்.

அவசரமாக நெருப்பு மூட்டுதல்

இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இதனால் நாங்கள் இழந்த பணத்தையும் மாதங்களையும் நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நெருப்பு மூட்டினால், நீர் முழுவதும் ஒரே சீராகச் சூடாகாது. சூடான நீர் மேலே ஏறிக்கொள்ளும். கொதி வந்து சுழற்சி ஏற்படும் வரை தீயறையைச் சுற்றியுள்ள அடிப்பகுதி நீர் அசையாமல் கிடக்கும். மேலே தொட்டால் கை பொத்துப்போகும் நேரத்தில், அடியில் கை வைத்தால் ஊற்றிய தண்ணீரின் குளிர்ச்சி அப்படியே இருப்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இதற்கிடையில் எஃகு தன் இயல்புப்படி விரிகிறது. சுமார் 1300 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 195 பாகை செல்சியசை நெருங்கும். அந்தச் சூட்டில் 5 மீட்டர் நீளமுள்ள எஃகு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீண்டுவிடும். கொதிகலன் முழுவதும் ஒன்றாக நீண்டால் அதனால் கெடுதல் இல்லை, அதற்கு இடம்விட்டுத்தான் அதை எஞ்சினின் அடிச்சட்டத்தின்மேல் அமர்த்தியிருக்கிறார்கள். ஒரு பகுதி நீண்டு இன்னொரு பகுதி நீளாமல் நிற்கும்போதுதான், இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட, தீயின் புகையைக் கொதிகலன் வழியே கொண்டுபோகும் குழாய்களின் முனைகள் தகட்டிலிருந்து தளர்கின்றன, தீயறைச் சுவர்களைப் பிணைக்கும் தாங்குகம்பிகள் விரிசல் விடுகின்றன.

ஆகவே முந்திய நாளே, பழைய விறகைக் கொண்டு சிறு நெருப்பாக மூட்டி, காற்று வழிகளை ஏறத்தாழ மூடி வைத்து, நிலக்கரியை மெல்லிய படுகையாகப் பரப்பி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற அண்டாவுக்கு அடியில் எடுத்த எடுப்பிலேயே பெருந்தீ வைப்பவரை நம் வீட்டுப் பெண்கள் அடுப்பங்கரையிலேயே நிற்க விடமாட்டார்கள். அந்தப் பொறுமை எஞ்சினுக்கு முன்னால் வந்தவுடன் எங்கே போய்விடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. முற்றிலும் குளிர்ந்த பெரிய கொதிகலனுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கொடுப்பதை நான் மிகையென்று சொல்லமாட்டேன்.

ஒரு டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். விடுமுறைப் பயணத்துக்குச் சீட்டெல்லாம் விற்றாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் வர வேண்டிய விறகு, லாரி பழுதானதால் இருட்டிய பிறகுதான் வந்தது. இரவுக் காவலுக்கு இருந்த இளைஞர் நல்ல உழைப்பாளி. இழந்த நேரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று, காற்றழுத்தப் பொறியைப் புகைபோக்கியின் ஊதுகுழாயோடு இணைத்து, தீயை உலைபோல் எரியவிட்டார். விடியற்காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, "அண்ணா, ஊசி ஏறிவிட்டது, பாருங்கள்" என்று முகமெல்லாம் சிரிப்பாக அழுத்தமானியைக் காட்டினார். ஊசி ஏறித்தான் இருந்தது. தீயறைக் கதவைத் திறந்து பார்த்தால், குழாய் முனைகளிலிருந்து கசிந்த நீர் தணலில் விழுந்து சீறிக்கொண்டிருந்தது. சூடு பரவினால் கசிவு தானே நின்றுவிடும் என்றார் ஒருவர். சில நேரம் அப்படி நிற்பதும் உண்டு. அன்று நிற்கவில்லை.

பயணத்தை நிறுத்தி, பிள்ளைகளோடு காலையிலேயே வந்து நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு கொதிகலனைக் காலி செய்து சோதித்தபோது, குழாய் முனைகளை மீண்டும் விரித்து இறுக்க வேண்டியிருந்ததோடு, சில தாங்குகம்பிகள் முறிந்திருந்ததும் தெரியவந்தது. அவற்றை மாற்றி, ஆய்வாளரை வரவழைத்து, மறுபடியும் நீரழுத்தச் சோதனை முடிக்கும்வரை எஞ்சின் கொட்டகையிலேயே கிடந்தது; நிலக்கரி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் கம்பிகளுக்குப் போனது. அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரி வராத செய்தி மாலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தும், "சீட்டு விற்றாகிவிட்டதே, எப்படியாவது ஓட்டுங்கள்" என்று தொலைபேசியில் சொன்ன பெரியவர்கள்மேல்தான் கோபம். இத்தனை மணிக்குள் நெருப்பு மூட்டப்படவில்லையென்றால் பயணம் இல்லை என்று அதன்பின் பலகையில் எழுதி வைத்தோம். அந்த வரியை யாரும் அழிக்க நான் விடுவதில்லை.

குளிரவைப்பதிலும் இதே அவசரம் உண்டு. ஓட்டம் முடிந்து திரும்பியவுடன் தீயைத் தள்ளிக் கொட்டிவிட்டு, கதவையும் காற்று வழியையும் திறந்தபடி வீட்டுக்குப் போய்விட்டால், குளிர்ந்த காற்று சூடான குழாய்களுக்குள் இரவெல்லாம் இழுபடும். கதவை மூடி, புகைபோக்கியின் வாயையும் மூடியால் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். கசடு கழுவும் வேலையை இரண்டு மூன்று நாள் தள்ளி வைக்க வேண்டும். இளஞ்சூட்டில் இருக்கும் கொதிகலனுக்குள் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சுபவரிடம் அடுத்த முறை குழாயைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

மேட்டின் உச்சியில் நீர்மட்டக் கண்ணாடியை நம்புதல்

டர்பனையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் 1880இல் இணைத்த பழைய முதன்மைப் பாதையில் 30க்கு 1 என்ற ஏற்றம் உண்டு. அத்தகைய சரிவில், 5 மீட்டர் நீளத்துக்குள் முன்முனையின் நீர் ஆழத்துக்கும் பின்முனையின் ஆழத்துக்கும் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். புகைபோக்கி முன்னால் இருக்க எஞ்சின் மேடேறும்போது நீர் பின்னால் தீயறைப் பக்கம் திரண்டு நிற்பதால், கண்ணாடியில் நிறைய நீர் இருப்பதுபோல் தோன்றும். போத்தாஸ் ஹில் மேட்டைக் கடந்து இறக்கம் தொடங்கியதும் அந்த நீர் முன்னால் ஓடிவிடும். தீயறையின் கூரைத்தகடு நீருக்கு வெளியே தெரிந்தால், அதில் பொருத்திய ஈய அடைப்பு உருகி நீராவி தீயின்மேல் பாயும். அடைப்பு உருகுவதே அதிர்ஷ்டம், உருகாவிட்டால் தகடே போகும். உச்சிக்கு வரும் முன்பே கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்து நீரை ஏற்றிவிட வேண்டும். புதிய ஃபயர்மேன்கள் மேடேறும்போது அழுத்தம் குறைந்துவிடுமே என்று அஞ்சி, நீரூற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல ஏறும் எஞ்சினால் ஆபத்து ஏதும் இல்லை.

சிலிண்டர் வடிகால்களைத் திறக்காமல் புறப்படுதல்

சிலிண்டருக்குள் தேங்கிய நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டரின் மூடி உடைந்தபின் இதை விளக்குவதில் பயனில்லை.

வறண்ட மாதங்களில் சாம்பலை அலட்சியம் செய்தல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைப்புல் காய்ந்து கிடக்கும். யூக்கலிப்டஸ் தோப்புகள் அதைவிட மோசம். புகைப்பெட்டிக்குள் இருக்கும் பொறி தடுக்கும் வலையில் ஒரு கண்ணி கிழிந்திருந்தாலும் அது கரையோரத்தில் நெருப்பாக வந்து நிற்கும், ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் விளக்கடித்து வலையைப் பார்க்க வேண்டும். ரயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோடு ஆள் வருவது வீண் செலவு என்று யாராவது ஒவ்வொரு குளிர்காலத்திலும் சொல்வார்கள். அண்டை நிலத்துக்காரரின் மேய்ச்சல் புல் எரிந்தபின் அவருடைய வேலி ஓரமாக ரயில் ஓட்டுவது எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சாம்பல் தட்டைக் கண்ட இடத்தில் கொட்டாமல், தணல் நனையும்வரை நீர் ஊற்றிய குழியில் மட்டுமே கொட்ட வேண்டும். மேலே கருத்திருக்கும் சாம்பலுக்குள் மறுநாளும் தணல் இருக்கும்.

செய்த வேலையை எழுதாமல் விடுதல்

சட்டத்தின்படி, தென்னாப்பிரிக்காவில் ரயில் சேவை நடத்துபவர்கள் ரயில் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற வேண்டும். தொண்டர்கள் ஓட்டுகிறார்கள் என்பதற்காகப் பாதுகாப்பில் சலுகை எதிர்பார்க்கக்கூடாது. கசடு கழுவியவர் நன்றாகவே கழுவியிருப்பார், ஆனால் கழுவும் துளைகளின் எந்தெந்த அடைப்புகளைக் கழற்றினார், உள்ளே எவ்வளவு படிவு இருந்தது என்று எழுதியிருக்கமாட்டார். ஆய்வாளர் கேட்கும்போது அவர் பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு ஜோகன்னஸ்பர்க் போயிருப்பார். அன்று அந்த அடைப்புகளை எல்லாம் மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.