அபிங்டனுக்குக் குழு கூட்டிப் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து கலஹாரிப் பாலைவனத்துக்குப் பயணம் நடத்தப் புதிதாக இறங்குவோர், அபிங்டன் நகரை மையமாக வைத்துப் போடும் திட்டங்களில் பழைய பிழைகளே திரும்ப வருகின்றன. தொப்பியும் தண்ணீரும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளப் படத்தைக் காட்டி ஜூலைப் பயணம் விற்பது

பணத்தோடு பெயரையும் கெடுப்பது இதுதான். இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அபிங்டனுக்கு மேற்கே சுமார் 120 கி.மீ.யில் ஆக்ராபீஸ் அருவி. உயரம் 56 மீட்டர். விளம்பரத்தில் பழுப்பு நீர் பாறைகளை மூடிப் பொங்கும். ஆனால் ஆரஞ்சு ஆறு பெருகுவது லெசோத்தோ மலைகளிலும் அதன் கிளையாறான வால் (Vaal) ஆற்றுப் பக்கமும் பெய்யும் கோடை மழையால்; அங்கே கோடை டிசம்பரை ஒட்டி வரும். அணைகள் நிரம்பித் திறந்தால்தான், பெரும்பாலும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், அந்தக் காட்சி கிடைக்கும். ஜூலைக் குளிர்கால விடுமுறையில் வருபவர் பார்ப்பது பாறைப் பிளவில் ஒடுங்கி விழும் நீர். அதுவும் அழகுதான், ஆனால் அதற்காக அவர் பணம் கட்டவில்லை. வெள்ளத்தைத் துரத்திப் போனாலும் ஆபத்து உண்டு: நீர் மிகுந்தால் அருவியோர நடைபாதைகளை மூடிவிடுவார்கள்.

எந்த மாதப் பயணமோ அந்த மாதப் படத்தையே போடுங்கள். எடுத்த மாதமும் ஆண்டும் அடியில் இருக்கட்டும். அருவிக்கு மேலே நியூஸ்பெர்க் தடுப்பணையில் நீர்வளத் துறை அளக்கும் நீரோட்டத்தைப் பத்து நாள் முன்பிருந்தே கவனியுங்கள். ஜூலைக்கு விற்கத்தக்கவை வேறு: பள்ளத்தாக்கு நடை, கோக்கர்பூம் எனும் பாலைவனக் கற்றாழை மரங்கள், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் விண்மீன்கள்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

கலகாடி வனவிலங்குப் பூங்காவின் ட்வீ ரிவிரன் வாயில் அபிங்டனிலிருந்து சுமார் 260 கி.மீ.; தார் சாலை, மூன்று மணி நேரம். உள்ளே நோசோப் முகாம் 160 கி.மீ.தான், ஆனால் மண்பாதை. வேக வரம்பு 50. நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பொழுது சாய்ந்தால் முகாம் வாயில் மூடும். குளிர்காலத்தில் அபிங்டனைக் காலை 8 மணிக்குள் விடுங்கள். உள்ளே நுழைந்ததும் டயர் காற்றைக் குறையுங்கள். இல்லையென்றால் அலையலையான பாதை வண்டியை உலுக்கிவிடும்.

டிசம்பர்

வெயில் 40 டிகிரியைத் தாண்டும். முதியவர்கள் வேண்டாம்.

புரட்டாசி

செப்டம்பர் நல்ல பருவம், ஆனால் விரதக்காரர்கள் வருவார்கள். அங்கே விருந்தென்றால் பிராய், அதாவது தணலில் சுட்ட இறைச்சிதான். பருப்பும் காய்கறியும் அபிங்டனிலேயே வாங்கிக்கொண்டு, சமையலறை உள்ள அறைகளாகப் பதியுங்கள்.

மாட்டா-மாட்டா வழியாக நமீபியா

மாட்டா-மாட்டா, கலகாடி பூங்காவின் நமீபிய எல்லை வாயில். பூங்காவுக்குள் இரண்டு இரவு தங்காமல் அதன் வழியே விடமாட்டார்கள்.